பந்தி வஞ்சனை

பந்தியில் ஒருவர் இலையில் நெய்யை வழிய விட்டு, பக்கத்து இலையைக் கண்டுகொள்ளாமல் போவதற்குத் தமிழில் 'பந்தி வஞ்சனை' என்று பெயர். செல்பேசிக் கோபுரமும் நாள் முழுவதும் பரிமாறிக்கொண்டேதான் இருக்கிறது. வாளியில் இருக்கும் அலைக்கற்றை அளவானது, இலைகளோ ஏராளம். யாருக்கு எவ்வளவு என்று அது எப்படி முடிவு செய்கிறது? கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல், வகுத்தலுக்கு மேல் போகமாட்டேன்.

இரண்டே பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கோபுரத்தடியில் இருக்கிறார். முழு நேரத்தையும் அவருக்கே தந்தால் நொடிக்கு 2000 கிலோபிட் போகும். இன்னொருவர் எல்லையில், இரண்டு சுவர்களுக்குப் பின்னால். முழு நேரத்தையும் தந்தாலும் அவருக்கு 100தான். மொத்த வரும்படிதான் முக்கியம் என்றால் எல்லாம் முன்னவருக்கே, எல்லைக்காரருக்குப் பூஜ்யம். சரி, இருவருக்கும் சம வேகம் என்று வைத்தால்? நேரத்தை 21 பங்காக்கி 20 பங்கை எல்லைக்காரருக்குத் தரவேண்டும். ஆளுக்கு 95 கிலோபிட் கிடைக்கும். அவருக்கு 95 தருவதற்காக இவரிடம் 1900 பிடுங்கியாயிற்று. சமத்துவம் பேசுகிற எனக்கே இது உறுத்துகிறது.

1997இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஃபிராங்க் கெல்லி ஒரு நடுவழியை முன்வைத்தார். லாப நஷ்டத்தைக் கிலோபிட்டில் எண்ணாதே, சதவீதத்தில் எண்ணு என்பது அதன் சாரம். நம் இருவருக்கும் பாதிப் பாதி நேரம் என்றால் 1000, 50 என்று கிடைக்கும். எல்லைக்காரரை 10 சதவீதம் உயர்த்தினால் மற்றவருக்கு அதே 10 சதவீதம் குறையும். தராசு அங்கே நின்றுவிடுகிறது. பேரம் பேசுதல் பற்றி ஜான் நாஷ் 1950இல் எழுதியதும் இதே புள்ளியில்தான் வந்து சேர்கிறது. ('எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்தின் அதே நாஷ்தான்.)

நிஜத்தில் 2000, 100 என்று எதுவும் நிலையாக நிற்பதில்லை. சுவர்களில் பட்டு வரும் அலைகள் ஒன்றையொன்று கூட்டும், அழிக்கும். செல்பேசியைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே வரவு மாறிவிடும். இந்தத் தொல்லையையே வரமாக்கிய விதி ஒன்று உண்டு: இக்கணத்தில் உனக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை, அண்மையில் நீ சராசரியாகப் பெற்றதால் வகு. யாருக்கு ஈவு அதிகமோ அவருக்கே இந்த முறை. பட்டினி கிடந்தவருக்கு வகுக்கும் எண் சிறுத்து ஈவு ஏறும். ஆகவே எவரும் நெடுநேரம் விடுபடமாட்டார். ஒவ்வொருவருக்கும் அவரவர் நல்ல கணத்திலேயே முறை வருவதால் பாதி நேரத்தில் பாதிக்கும் மேலாகவே கிடைக்கிறது. 2002இல் தென்கொரியாவில் வணிகச் சேவைக்கு வந்த 'இவி-டிஓ' முறையில் நொடிக்கு 600 தடவை இப்படித் தேர்வு நடந்தது.

அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்ற இறக்கம் குறைவு, காத்திருந்து பயனில்லை. அதற்கும் வழி சொன்னார்கள் பிரமோத் விஸ்வநாத், டேவிட் சே, ராஜீவ் லரோயா மூவரும், 2002இல். கோபுரத்தில் இரண்டு ஆண்டெனா வைத்து, வேண்டுமென்றே அலையை ஆட்டிவிடு என்றார்கள். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பேச்சுக்கு இந்த விதி உதவாது. தாமதமாக வந்த 'ஹலோ' யாருக்கு வேண்டும்? அதற்குத் தனி முன்னுரிமை உண்டு. கூடுதல் கட்டணம் தருபவரின் ஈவை ஓர் எண்ணால் பெருக்கிவிடவும் முடியும். 4ஜி, 5ஜி தரநிலை ஏடுகள் ஒவ்வொரு பிட்டையும் எங்கே வைப்பது என்றுகூட வரையறுக்கின்றன. ஆனால் யாருக்கு முதலில் பரிமாறுவது என்ற விதியை மட்டும் கருவி செய்பவர்களிடமே விட்டுவிட்டன.