தோளில் ஏறிய மீட்புப் பணி

2022 பிப்ரவரி 7. பாலக்காடு மாவட்டம் மலம்புழாவை ஒட்டிய குறும்பாச்சி மலையில் ஏறிய 23 வயது இளைஞர் கால் தவறிச் சரிந்து, செங்குத்துப் பாறையின் நடுவே ஒரு பொந்தில் மாட்டிக்கொண்டார். மறுநாள் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வந்து பார்த்தது. பாறைச் சுவரை நெருங்க முடியாமல் திரும்பிப் போயிற்று.

ராணுவத்துக்கு அழைப்பு போனது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலிருந்து, லெப்டினன்ட் கர்னல் ஹேமந்த் ராஜ் தலைமையில் ஒரு குழு சாலை வழியே இறங்கி வந்தது. பெங்களூரு பாராசூட் ரெஜிமென்ட் மையத்தின் குழு ஏஎன்-32 விமானத்தில் சூலூருக்குப் பறந்து, அங்கிருந்து வண்டியில் வந்து சேர்ந்தது.

வண்டி மலையடிவாரம் வரைதான். அதற்கு மேல் எல்லாம் தோளில் ஏற வேண்டும். 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள மீட்புக் கயிறு மட்டுமே 100 மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ. தண்ணீர், விளக்கு, கப்பி, கொக்கி எல்லாம் தனி. ஒன்றைக் கூடுதலாக எடுத்தால் இன்னொன்றை விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

அந்தக் கயிறே ஓர் அதிசயம். உள்ளிருக்கும் நைலான் இழைக் கற்றை பாரத்தைச் சுமக்கிறது. வெளியே பின்னிய உறை அதைப் பாறை உரசலிலிருந்து காக்கிறது. இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும், அதிகம் நீளாது. பாறை ஏறுபவர் இடுப்பில் கட்டும் கயிறு வேறு. விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகவே அது செய்யப்பட்டது. அதைக் கொண்டு ஆளைத் தூக்கப் போனால் இழுப்பில் ஒரு பங்கு கயிறு நீள்வதிலேயே வீணாகும்.

கயிற்றை எதில் கட்டுவது? ஒரே பாறையை நம்ப மாட்டார்கள். இரண்டு பிடிமானங்களிலிருந்து கயிறு வந்து ஒரு முடிச்சில் சேரும். இரு கிளைகளும் நெருக்கமாக இருந்தால் கிளைக்குப் பாதி பாரம். விரிய விரிய ஒவ்வொன்றின் மேலும் இழுவிசை கூடும். இடைக்கோணம் 120 பாகையை எட்டினால் ஒவ்வொரு கிளையும் முழுப் பாரத்தையும் தாங்க நேரும்! பாரம் கூடாமலே, கட்டிய விதத்தால் மட்டும் வரும் ஆபத்து இது.

இழுப்பதற்கும் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு கப்பிகளில் கயிற்றை மடக்கிவிட்டால், உராய்வைக் கழித்துப் பார்க்க, மூன்றில் ஒரு பங்கு விசை போதும். மீட்பவர், மீட்கப்படுபவர் இருவரின் 150 கிலோ, கைக்கு 50 கிலோவாகத்தான் தெரியும். இரண்டு சிப்பம் அரிசி. ஆள் ஒரு மீட்டர் ஏற, கயிற்றை மூன்று மீட்டர் இழுக்க வேண்டும் என்பதே அதற்கான விலை. கை ஓயும்போது கயிறு பின்னால் ஓடாதபடி ஒரு பிடிப்பான் கவ்விக்கொள்ளும்.

பிப்ரவரி 9 காலை ஒரு வீரர் மேலிருந்து கயிற்றில் இறங்கி அந்த இளைஞரை அடைந்தார். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு அவரைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள, மேலே இருந்தவர்கள் இருவரையும் சேர்த்தே இழுத்தார்கள். நாற்பது மணி நேரத்துக்கு மேல் பாறையில் தவித்தவர் உச்சிக்கு வந்துவிட்டார். அங்கே ஹெலிகாப்டரின் இறக்கைகளைத் தடுக்கப் பாறைச் சுவர் இல்லை. விமானப் படை ஹெலிகாப்டர் அவரைத் தூக்கிக்கொண்டு கஞ்சிக்கோட்டுக்குப் பறந்தது.