கப்பல் பட்டியல் சொல்வதில் எதை நம்பலாம்?

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, இடையில் சில ஆண்டுகள் தடைபட்டாலும், ஏறத்தாழ 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இன்று தென்னாப்பிரிக்காவில் வாழும் அவர்களின் வழித்தோன்றல்கள் தம் மூதாதையரின் ஊரையும் உறவையும் தேடத் தொடங்கும்போது முதலில் நாடுவது, அக்கப்பல்களில் வந்தோரை வரிசை எண்ணிட்டுப் பதிந்த பட்டியல்களையே. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எனப் பல செய்திகளை ஒரே வரியில் தரும் இந்த ஆவணம் அரசு ஆவணம் என்பதாலேயே முழுவதும் உண்மை என்று கொள்ளப்படுவதும், அதில் ஒரு பிழை தெரிந்தவுடனே முழுவதும் பொய் என்று தள்ளப்படுவதும் வழக்கமாக உள்ளன. இரண்டுமே தவறு. நம்பகத்தன்மை என்பது ஓர் ஆவணத்துக்கு மொத்தமாக அமைவதன்று. அதிலுள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியே அமைவது.

இதை ஆராய்வதற்குக் குடும்ப வரலாற்றாய்வாளர்கள் சில பாகுபாடுகளைக் கையாள்கின்றனர். நிகழ்வையொட்டி முதன்முதலாக எழுதப்பட்டது மூல ஆவணம். அதைப் பார்த்துப் படியெடுத்ததும், சுருக்கியதும், மொழிபெயர்த்ததும் வழி ஆவணங்கள். நிகழ்வை நேரில் அறிந்தவர் தந்த செய்தி முதல்நிலைத் தகவல். பிறர் சொல்லக் கேட்டு உரைத்தது இரண்டாம்நிலைத் தகவல். கேள்விக்கு வெளிப்படையாக விடை தருவது நேரடிச் சான்று. வேறு செய்திகளோடு இணைத்துப் பார்த்தால் மட்டுமே விடை தருவது மறைமுகச் சான்று. ஒரே தாளில் முதல்நிலைத் தகவலும் இரண்டாம்நிலைத் தகவலும் அருகருகே இருக்கக்கூடும் என்பதே இந்தப் பாகுபாடுகளின் பயனை உணர்த்துவதாகும்.

பட்டியல் உருவான விதம்

ஒரு பதிவை மதிப்பிட, அதை யார், யாருக்காக, எந்த நோக்கத்தோடு எழுதினார்கள் என்று முதலில் அறிய வேண்டும். ஆள் பிடிப்பவர் ஒருவரைக் கூட்டிவந்து மாவட்டப் பதிவு அதிகாரியின் முன் நிறுத்துவார். அங்கே விவரங்கள் எழுதப்படும். பின்னர் கப்பலேறுவோரைத் தங்கவைக்கச் சென்னையிலிருந்த டிப்போவில் மருத்துவர் சோதித்து, தகுதியானவர் என்று சான்றளித்த பிறகே கப்பலேற்றுவார்கள். டர்பனில் இறங்கியதும் குடியேறியோர் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகம் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துத் தோட்ட முதலாளிகளுக்குப் பிரித்து அனுப்பும். தமிழில் சொல்லப்பட்டதை ஆங்கில எழுத்தில் எழுதியவர்கள், சொன்னவரின் மொழியை நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு உறுதியில்லை. சொன்னவரில் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள் ஆதலால், எழுதப்பட்டதைச் சரிபார்க்கவும் அவர்களால் இயலவில்லை.

இந்தப் பின்னணியில் பட்டியலின் ஒவ்வொரு பத்தியும் வேறுபட்ட வலிமை பெறுகிறது. கப்பலின் பெயரும் வந்த நாளும் வரிசை எண்ணும் அலுவலகம் தானே உருவாக்கிய, தன் கணக்குக்கு இன்றியமையாத செய்திகள். அவை மிக உறுதியானவை. தழும்பு, மச்சம் போன்ற உடல் அடையாளங்கள், தப்பியோடுபவரை இனங்காண உதவும் என்பதற்காகக் கண்ணால் பார்த்து எழுதப்பட்டவை; அவையும் பெரிதும் நம்பத்தக்கவை. வயது அப்படிப்பட்டதன்று. பிறந்த நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் இல்லாத குடும்பங்களில் வயது என்பது மதிப்பீடே. 20, 25, 30 என்று முழு எண்களில் வயதுகள் குவிந்திருப்பது இதன் அடையாளம். உழைக்கும் வயதினரே தேவைப்பட்டதால், மூத்தவரை இளையவராகக் காட்டுவது ஆள் பிடிப்பவருக்கு ஆதாயமாகவும் இருந்தது. எனவே 25 என்று எழுதியிருந்தால் பிறந்த ஆண்டைத் திட்டவட்டமாகக் கணக்கிடாமல், முன்னும் பின்னும் பல ஆண்டுகள் இடம்விட்டே தேட வேண்டும்.

சாதி பற்றிய பத்தியும், கணவன் மனைவி என்ற குறிப்பும் இன்னும் கவனத்தோடு படிக்க வேண்டியவை. ஊரின் கட்டுகளை விட்டு நீங்கியவர் தம் சாதியை மாற்றிச் சொல்லவும், எழுதுபவர் தமக்குத் தெரிந்த ஒரு பெயருள் பலரை அடக்கவும் வாய்ப்பிருந்தது. ஒவ்வொரு கப்பலிலும் ஆண்களின் எண்ணிக்கைக்கேற்பக் குறிப்பிட்ட விகிதத்தில் பெண்களும் இருக்க வேண்டும் என்ற விதியின் நெருக்கடியாலும், தனியாக வந்த பெண்கள் பாதுகாப்பு நாடியதாலும், டிப்போவிலேயே இணைந்த தம்பதியரும் உண்டு. ஆகவே பட்டியலில் மனைவி என்றிருப்பது அவர்கள் சேர்ந்து பயணித்ததற்கு உறுதியான சான்று. ஊரில் மணம் நடந்தது என்பதற்குச் சான்றாகாது.

ஊர்ப்பெயரைப் படிப்பதற்கு நில வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். குறிலையும் நெடிலையும், லகர ளகர ழகரங்களையும் ஆங்கில எழுத்து வேறுபடுத்திக் காட்டாது. புதூர், நல்லூர் போன்ற பெயர்களில் ஊர்கள் பலவாக உள்ளன. வடஆற்காடு என்று குறித்திருந்தால் இன்றைய வேலூர் மாவட்டத்தை மட்டும் தேடுவது போதாது. 1911இல் பிரிந்த சித்தூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. 1989இல் திருவண்ணாமலைப் பகுதியும், 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. எழுதப்பட்ட காலத்து எல்லையை வைத்தே ஊரைத் தேட வேண்டும்.

எண்ணின் வலிமையும் பெயரின் தளர்ச்சியும்

நேட்டாலில் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட குடியேற்ற எண், திருமணம், பிறப்பு, இறப்பு குறித்த பிற்காலப் பதிவுகளிலும் இடம்பெற்றது. பெயர் எப்படி எழுதப்பட்டாலும் இந்த எண் மாறாததால், இரண்டு தாள்கள் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று நிறுவுவதற்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. குடும்பப் பெயரோ பின்னாளில் நிலைபெற்றது. தந்தையின் பெயர் சில குடும்பங்களிலும், கவுண்டர் என்பது திரிந்த ‘கோவெண்டர்’, நாயுடு, பிள்ளை போன்ற பட்டங்கள் வேறு சில குடும்பங்களிலும் நிலையான பெயர்களாயின. உடன்பிறந்தாரே வெவ்வேறு குடும்பப் பெயர்களைக் கொண்டதும் உண்டு. ஆதலால் பெயர் ஒன்றாக இருப்பது உறவுக்குச் சான்றாகாது. பெயர் வேறாக இருப்பது உறவின்மைக்கும் சான்றாகாது.

இறப்புப் பதிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இறந்த நாளும் இடமும் அண்மையில் நிகழ்ந்தவை; அறிந்தவர் சொன்னவை. அதே தாளிலுள்ள பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியை அயலாரோ பேரப்பிள்ளையோ நினைவிலிருந்து சொன்னவையாக இருக்கக்கூடும். கணினியில் தேடக் கிடைக்கும் பட்டியலும் ஒருவர் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்த வழி ஆவணமே. அது மூலத்தை நோக்கி வழிகாட்டும், மூலத்துக்கு ஈடாகாது.

இல்லாத பதிவை எப்படிப் படிப்பது?

பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே அந்த ஆள் வரவில்லை என்று முடிவு கட்ட முடியாது. தம் சொந்தச் செலவில் வந்த ‘பயணி இந்தியர்’ என்போர் ஒப்பந்தக் கூலிகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. தமிழகத்தில் தேடும்போதும் இந்த எச்சரிக்கை தேவை: நிலவரித் திட்டப் பதிவேடுகள் வரி செலுத்திய பட்டாதாரர்களைக் கண்டறிய எழுதப்பட்டவை, நிலமற்ற உழவுத் தொழிலாளியின் பெயர் அவற்றில் இல்லாதிருப்பது இயல்பே. ஒரு பதிவேடு யாரையெல்லாம் சேர்க்க வேண்டியிருந்தது என்று தெரிந்த பிறகே, அதில் ஒருவர் இல்லாமைக்குப் பொருள் உண்டு.

முரண்பாட்டைத் தீர்த்தல்

பட்டியல் ஓர் ஊரையும், வீட்டில் பாட்டி சொன்ன வழிவழிச் செய்தி வேறோர் ஊரையும் குறித்தால், வாக்குகளை எண்ணுவது தீர்வாகாது. ஒன்றையொன்று பார்த்து எழுதிய ஐந்து தாள்கள் ஒரே சாட்சிக்குச் சமம். குலதெய்வத்தின் பெயரும் கோயில் இருக்கும் இடமும் பட்டியலைப் பாராமலே வீட்டில் வழங்கி வந்திருந்து, அவை பட்டியலின் தாலுகாவோடு பொருந்துமானால், அந்த இரு சான்றுகளும் ஒன்றையொன்று சாராதவை. அவற்றின் ஒற்றுமைக்கு மிகுந்த மதிப்புண்டு. பட்டியலின் படியை யாரேனும் பெற்றுவந்த பின்னரே வீட்டுக் கதை உருவாகியிருந்தால், அந்த ஒற்றுமைக்கு மதிப்பில்லை. 1884இல் வந்த முனுசாமி என்பவரைத் தேடுவதாகக் கொண்டால், அதே பெயரில் பலர் இருப்பர். தந்தை பெயர், எண், முதலாளி, தோட்டம் ஆகியவற்றைப் பிற்காலத் திருமணப் பதிவோடும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவோடும் பொருத்தி, மற்ற முனுசாமிகளை ஒவ்வொருவராக விலக்கிய பின்னரே எஞ்சியவரை மூதாதை என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் வகுக்கப்பட்ட வம்சாவளி ஆய்வு நெறியும் இதையே ஐந்து கடமைகளாக வலியுறுத்துகிறது: இயன்றவரை முழுமையாகத் தேடுதல், ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் குறித்தல், சான்றுகளை ஆராய்ந்து ஒப்பிடுதல், முரண்பாடுகளைத் தீர்த்தல், முடிவைக் காரணங்களோடு எழுதிவைத்தல். இறுதிக் கடமையே பெரும்பாலும் விடுபடுகிறது. உறுதி, பெரும்பாலும் உண்மை, இருக்கக்கூடும் என்று ஒவ்வொரு முடிவின் தரத்தையும் காரணத்தோடு குறித்துவைத்தால், நாளை வேறொரு பதிவு கிடைக்கும்போது அடுத்த தலைமுறை அதைத் திருத்த முடியும். எண்ணாகப் பதியப்பட்டு, தம் பெயரைத் தாமே எழுத வாய்ப்பற்றுக் கரும்புத் தோட்டங்களில் உழைத்து மடிந்தவர்களுக்கு, அவர்களுடையதல்லாத ஒரு வாழ்க்கையைச் சூட்டாதிருப்பதே வழித்தோன்றல்கள் செய்யக்கூடிய முதல் மரியாதை.