ஏரிக்கு அடியில் ஒரு ஊர், ஏரிக்கு மேலே ஒரு ஊர்: பிரான்ஸின் டீன்யே கதை தெரியுமா?

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் ஷெவ்ரில் என்றொரு ஏரி இருக்கிறது. கோடைக் கடைசியில் போனால் இன்ஸ்டாவுக்காகவே செய்து வைத்த மாதிரி பச்சைப் பசேல் தண்ணீர். அதுவே ஏப்ரல், மே வாக்கில் போனால் ஆளே மாறியிருக்கும். நீர்மட்டம் இறங்கி, சேறு படிந்த பள்ளம் தெரியும். இன்னும் குறைந்தால், இடிந்த கட்டடங்களின் மிச்சம்கூட எட்டிப்பார்க்கும்.

அதுதான் பழைய டீன்யே கிராமம். வெள்ளத்தில் போன ஊர் இல்லை. 1952-ல் அணை கட்டி, அரசே மூழ்கடித்த ஊர்.

எங்கே இருக்கிறது?

இத்தாலி எல்லையை ஒட்டிய சவோய் பகுதியில், இஸேர் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கில். சவோய் பிரான்ஸோடு இணைந்ததே 1860-ல்தான். பழைய ஊர் இருந்தது சுமார் 1,650 மீட்டர் உயரத்தில். சுற்றிலும் செங்குத்தான மலைகள், நடுவில் கொஞ்சம் அகலமான சமவெளி. மாடு வளர்ப்பு, கோடையில் மேலே மேய்ச்சல், பாலில் சீஸ், குளிர்காலத்துக்கு வைக்கோல் சேமிப்பு. இதுதான் பல தலைமுறையாக அவர்களின் பொருளாதாரம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சமவெளி முடிகிற இடத்தில் ஆறு குறுகலான இடுக்கில் நுழைகிறது. மேலே அகலம், கீழே இடுக்கு. ஒரு இன்ஜினீயரிடம் இந்த மேப்பைக் காட்டினால் முதலில் என்ன சொல்வார்? "இங்கே அணை கட்டலாம்" என்றுதான். ஊர் உருவாக எது காரணமோ, அதுவே ஊர் அழியவும் காரணமானது.

ஏன் மூழ்கடித்தார்கள்?

இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரம். பிரான்ஸில் நிலக்கரிக்கும் மின்சாரத்துக்கும் கடும் தட்டுப்பாடு. 1946-ல் மின்துறையை அரசுடைமையாக்கி ஈ.டி.எஃப் நிறுவனத்தை உருவாக்கினார்கள். அதன் மிகப்பெரிய கனவுகளில் ஒன்று இந்த அணை. அஸ்திவாரத்தோடு சேர்த்து 180 மீட்டர் உயரம். கொள்ளளவு சுமார் 23 கோடி கன மீட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில், 8 டி.எம்.சி.

ஊரில் இருந்ததோ சில நூறு பேர். கோர்ட்டுக்குப் போனார்கள், போராடினார்கள், வீட்டைவிட்டு வர மறுத்தார்கள். கடைசியில் 1952 வசந்தகாலத்தில் போலீஸ் படை வந்து வெளியேற்றியது. வீடுகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. கல்லறைகளைத் தோண்டி, தாத்தா பாட்டிகளின் எலும்புகளைக்கூட வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த வருஷம், 1953 ஜூலையில், அதிபர் வான்சான் ஓரியோல் வந்து அணையைத் திறந்து வைத்தார். நாட்டுக்கு அது பெருமை. வெளியேற்றப்பட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அணைக்குக் கீழே இருந்த லே ப்ரெவியேர் என்ற குக்கிராமம் மட்டும் தப்பியது. தப்பியது என்றால், இன்றும் அந்த 180 மீட்டர் சுவரின் காலடியில்தான் இருக்கிறது. இந்த அணையை வடிவமைத்த ஆந்த்ரே குவான் வடிவமைத்த இன்னொரு அணை, தெற்கு பிரான்ஸின் மால்பாசே. 1959 டிசம்பரில் அது உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டீன்யே அணைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அந்தச் செய்தி வந்த இரவில் லே ப்ரெவியேரில் யாராவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்களா?

பிறகு பனியே பிழைப்பு

பலர் பள்ளத்தாக்கைவிட்டே போனார்கள். சிலர் கீழே போகாமல் மேலே ஏறினார்கள். பழைய தேவாலயத்தைப் போலவே ஒன்றை ஏரிக்கரை மேட்டில் கட்டினார்கள். அதற்கும் மேலே, சுமார் 2,100 மீட்டரில், மேய்ச்சல் நிலமாக இருந்த இடத்தில் புது டீன்யே எழுந்தது. 1960-களில் அரசே ஸ்கீ நகரங்களை ஊக்குவித்தபோது அங்கே அடுக்குமாடி ஹோட்டல்கள் முளைத்தன. அழகான ஊர் என்று சொல்ல முடியாது, கான்க்ரீட் அதிகம். ஆனால் பணம் வந்தது. பக்கத்து ஊரான வால் டிஸேரோடு சேர்த்தால் சுமார் 300 கிலோமீட்டர் ஸ்கீ பாதைகள். 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங் நடந்தது இங்கேதான். நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 2,000 பேர். சீசனில் அதைப்போலப் பல மடங்கு கூட்டம்.

கவனித்தால், அணையும் ஸ்கீயும் விற்பது ஒரே சரக்கைத்தான். டிசம்பரில் பனியாக விழுவதைச் சுற்றுலாவாக விற்கிறார்கள். மே மாதத்துக்குமேல் அது உருகி ஏரியை நிரப்புகிறது. அடுத்த குளிர்காலத்தில், வீடுகளில் ஹீட்டர் ஓடி மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது, மின்சாரமாகிறது. வசந்தத்தில் ஏரி காலியாகத் தெரிவது அதனால்தான்.

இப்போது என்ன பிரச்னை?

ஊருக்கு மேலே இருக்கிற கிராண்ட் மோட் பனியாறு. மலைக்குள் குடைந்த சுரங்க ரயிலில் ஏறினால் சில நிமிஷங்களில் 3,000 மீட்டரைத் தாண்டிவிடலாம். ஒரு காலத்தில் "வருஷம் 365 நாளும் ஸ்கீ" என்பதுதான் டீன்யேவின் விளம்பரமே. இப்போது பனியாறு சுருங்கச் சுருங்க, கோடை ஸ்கீ சில வாரங்களாகக் குறைந்துவிட்டது. அதை ஈடுகட்ட, கூரைக்குள் செயற்கைப் பனிச்சரிவு ஒன்றைக் கட்டலாம் என்று ஒரு திட்டம் வந்தது. ஆல்ப்ஸ் மலையில் ஏசி போட்டுப் பனி செய்வதா என்று கடும் விமர்சனம். அது கட்டப்படவில்லை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பிரான்ஸில் தாழ்வான இடங்களில் உள்ள சிறிய ஸ்கீ மையங்கள் பனி இல்லாமல் மூடப்பட்டு வருகின்றன. 2,100 மீட்டரில் இருக்கிற டீன்யேவுக்கு அந்த ஆபத்து இன்னும் நெருங்கவில்லை. கீழே பனி இல்லாதவர்கள் மேலே தேடி வருகிறார்கள்; அறை வாடகையும் ஏறுகிறது. அந்த வாடகை கட்டுப்படியாகாமல் திணறுவது ஹோட்டலில் தட்டு கழுவவும் ஸ்கீ லிஃப்ட் இயக்கவும் சீசனுக்கு வரும் தொழிலாளர்கள்தான்.