ஒட்டிக்கொண்ட 78 அமினோ அமிலங்கள்

சைனோவியல் சார்கோமா என்றொரு புற்றுநோய். பதின்பருவத்தினரையும் இளைஞர்களையும் அதிகம் தாக்குவது. பெரும்பாலும் முழங்கால் பக்கத்திலோ கணுக்கால் பக்கத்திலோ ஒரு சிறு கட்டியாகத் தலைகாட்டும். மெதுவாக வளர்வதால், விளையாடும்போது அடிபட்ட வீக்கம் என்று எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மார்பகம், நுரையீரல் புற்றுநோய்களோடு பார்த்தால் இது வருவது மிக அபூர்வம். இந்த அபூர்வ நோயின் மூலக்கூறு முடிச்சை அவிழ்த்தவர் ஒரு முனைவர் பட்ட மாணவி. பெயர் சிகால் கடோக்.

சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் தன்னைப் பார்த்துக்கொண்ட பெண்மணியைப் பள்ளிப் பருவத்தில் மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். துக்கத்தைவிட, அந்த உடலுக்குள் என்ன நடந்தது என்பது தனக்குப் புரியவில்லையே என்ற தவிப்பு அவரை விடவில்லை. புதிர்களை விடுவிப்பதில் சின்ன வயதிலிருந்தே மோகம் கொண்டவருக்கு விடை தெரியாத புதிராக அது நின்றது. பெர்க்லியில் இளங்கலை முடித்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் உயிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அங்கே அவர் தேர்ந்தெடுத்தது ஜெரால்ட் கிராப்ட்ரீயின் ஆய்வுக்கூடத்தை. நோய் எதிர்ப்பு செல்களிலும் மூளை வளர்ச்சியிலும் பெயர் பெற்ற கூடம் அது. புற்றுநோய்க் கூடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் குரோமாட்டினைக் கையாளும் ஒரு பெரிய புரதக் கூட்டை அங்கே பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருந்தார்கள்.

குரோமாட்டின் என்பது என்ன? நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறத்தாழ 2 மீட்டர் நீள டி.என்.ஏ இருக்கிறது. அதை வைத்திருக்கும் உட்கருவின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளையை டி.என்.ஏ ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றிக்கொள்கிறது. ஓர் உருளையைச் சுற்றியிருப்பவை மொத்தம் 147 எழுத்து இணைகள். நியூக்ளியோசோம் என்ற இந்த அலகின் அமைப்பை 1974ல் ரோஜர் கோர்ன்பெர்க் முன்வைத்தார். இப்படிச் சுற்றிச் சுற்றி அடுக்கப்பட்ட மொத்தமும்தான் குரோமாட்டின். பீரோவில் மடித்து அடுக்கிய துணிகளில் அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ளவற்றை நகர்த்தத்தானே வேண்டும்? அப்படி, தேவைப்படும் மரபணுவைப் படிக்க யாராவது நியூக்ளியோசோம்களை நகர்த்தித் தர வேண்டும். அந்த வேலையைச் செய்கிற புரதக் கூட்டுகளில் ஒன்றுதான் பாஃப். பத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்து, செல்லின் எரிபொருளான ஏ.டி.பியைச் செலவழித்து இயங்கும் இயந்திரம் அது. இதன் மூதாதையை 1980களில் ஈஸ்டில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள்.

பாஃபுக்கும் புற்றுநோய்க்கும் உறவு உண்டு என்பது 1998லேயே தெரிந்துவிட்டது. குழந்தைகளுக்கு வரும் ராப்டாய்டு கட்டி என்ற கொடிய புற்றுநோயில் பாஃபின் ஓர் உறுப்பான எஸ்.எம்.ஏ.ஆர்.சி.பி.1 அழிந்துபோயிருப்பதைப் பாரிஸின் க்யூரி நிறுவன ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆயினும் பல ஆண்டுகளுக்கு அது ஓர் அபூர்வ நோயின் தனிக்கதையாகவே நின்றது.

ஸ்டான்ஃபோர்டில் கடோக் செய்தது பழைய பாணி உயிர்வேதியியல். செல்களிலிருந்து பாஃப் கூட்டைப் பிரித்தெடுத்து, அதனோடு ஒட்டிவரும் புரதங்கள் எவை என்று ஒவ்வொன்றாக அடையாளம் காண்பது. மரபணுவரிசை இயந்திரங்கள் தரவைக் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி உட்கார்ந்து புரதத்தைச் சுத்திகரிக்கத் தனிப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைதான் பலன் தந்தது என்பது என் எண்ணம். கிடைத்த பட்டியலில் எஸ்.எஸ்.18 என்ற புரதம் இருந்தது. யூரியா கலந்து கூட்டைக் குலைக்க முயன்றபோதும் அது எளிதில் பிரிந்துவரவில்லை. வந்துபோகும் விருந்தாளியல்ல, பாஃபின் நிரந்தர உறுப்பு.

எஸ்.எஸ்.18 என்ற பெயர் புற்றுநோய் ஆய்வாளர்களுக்குப் பழக்கமானது. சைனோவியல் சார்கோமாவில் எக்ஸ் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் எஸ்.எஸ்.18 புரதத்தின் வாலில் எஸ்.எஸ்.எக்ஸ் என்ற வேறொரு புரதத்தின் துண்டு ஒட்டிக்கொள்கிறது. ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் இதே இணைப்பு. 1994லிருந்து தெரிந்த விஷயம். ஆனால் அந்த இணைப்பு செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதற்குத் தெளிவான விடை இல்லாமலே கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஓடியிருந்தன.

2013ல் செல் ஆய்விதழில் கடோக்கும் கிராப்ட்ரீயும் அந்த விடையைத் தந்தார்கள். கூடுதலாக ஒட்டிக்கொண்டது வெறும் 78 அமினோ அமிலங்கள். அந்த வாலோடு பாஃபுக்குள் நுழையும் புரதம், அங்கே இருந்த இயல்பான எஸ்.எஸ்.18ஐ வெளியே தள்ளுகிறது. கூடவே எஸ்.எம்.ஏ.ஆர்.சி.பி.1ஐயும் வெளியேற்றுகிறது. ஆம், ராப்டாய்டு கட்டியில் காணாமல் போன அதே உறுப்பு! உருமாறிய பாஃப், மூடியே இருக்க வேண்டிய சாக்ஸ்2 போன்ற மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. செல் பெருகத் தொடங்குகிறது.

அதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் அந்தக் கட்டுரையில் இருந்தது. இயல்பான எஸ்.எஸ்.18இன் அளவைக் கூட்டினால் அது மீண்டும் தன் இடத்தைப் பிடித்தது. பாஃப் பழைய உருவுக்குத் திரும்பியது. செல்களின் பெருக்கம் அடங்கியது. சோதனைக்கூடத்துச் செல்களில்தான் என்றாலும், கெட்டுப்போன இயந்திரத்தைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

அதே ஆண்டு நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் இன்னொரு கட்டுரை. பாஃபின் முழு உறுப்பினர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியாகியிருந்த புற்றுநோய் மரபணுத் தரவுகளை அலசினார்கள். மனிதப் புற்றுநோய்களில் 19.6 சதவீதத்தில் இந்தக் கூட்டின் ஏதாவதொரு உறுப்பில் பிறழ்வு! அபூர்வ நோயில் தொடங்கிய கேள்வி ஒரே தாவலில் ஐந்தில் ஒரு கட்டியைத் தொட்டுவிட்டது. தனித்தனி மரபணுவாகப் பார்த்தபோது சிதறித் தெரிந்தவை, ஒரே இயந்திரத்தின் பாகங்கள் என்று தெரிந்ததும் ஒன்றுசேர்ந்துவிட்டன.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு சில ஆண்டுகளாவது வேறொருவர் கூடத்தில் பணிபுரிந்துவிட்டுத்தான் தனி ஆய்வுக்கூடம் என்பது அமெரிக்காவில் வழக்கம். கடோக் அந்தப் படியைத் தாண்டி, 2014ல், 28 வயதில், பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்திலும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் சொந்தக் கூடம் தொடங்கினார். இந்த வேகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, அங்கே போயும் அவர் கேள்வியை மாற்றவில்லை என்பது. பாஃப் குடும்பத்தை 29 மரபணுக்கள் உருவாக்குகின்றன. அவை மூன்று வகைக் கூட்டுகளாகச் சேர்கின்றன. எந்த உறுப்பு முதலில், எது பின்னால் சேர்கிறது என்ற கட்டுமான வரிசையை 2018ல் அவர் குழு வெளியிட்டது. 2020ல், எஸ்.எஸ்.எக்ஸ் துண்டு நியூக்ளியோசோமின் மேற்பரப்பில் எங்கே பற்றிக்கொள்கிறது என்பதையும் காட்டினார்கள்.

மருந்துப் பக்கம் பாதை கரடுமுரடு. அவர் இணைந்து நிறுவிய ஃபாக்ஹார்ன் தெரபியூடிக்ஸ், பாஃபின் மூன்று வகைகளில் ஒன்றில் மட்டும் இருக்கும் பி.ஆர்.டி.9 என்ற புரதத்தை அழிக்கும் மருந்தை உருவாக்கியது. சைனோவியல் சார்கோமா செல்கள் அந்தப் புரதத்தை நம்பி வாழ்கின்றன என்று 2018ல் கண்டறிந்திருந்தார்கள். மனிதர்களுக்குக் கொடுத்தபோது ஒரு நோயாளிக்கு இதயத்துடிப்பில் கடும் சிக்கல் எழ, 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புதிய நோயாளிகளைச் சேர்க்கத் தடை விதித்தது. அதே புரதத்தைக் குறிவைத்த மற்றொரு நிறுவனமும் போதிய பலன் இல்லையென்று தன் மருந்தைக் கைவிட்டது. நோயாளிகளின் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று எழுதத் தேவையில்லை. 2024 ஆகஸ்டில் சைனோவியல் சார்கோமாவுக்கு ஒரு செல் சிகிச்சை அமெரிக்காவில் அனுமதி பெற்றது; ஆனால் அது நோய் எதிர்ப்புச் செல்களின் வழியில் வந்தது, குரோமாட்டின் வழியில் அல்ல.

குரோமாட்டின் வழியில் இப்போது முன்னே நிற்பது நுரையீரல் புற்றுநோய். பாஃபின் இயக்கு விசையாக எஸ்.எம்.ஏ.ஆர்.சி.ஏ.4, எஸ்.எம்.ஏ.ஆர்.சி.ஏ.2 என்ற இரட்டைப் புரதங்களில் ஏதாவது ஒன்று இருக்கும். சில கட்டிகள் முதலாவதை இழந்துவிடுவதால், உயிர்வாழ இரண்டாவதை மட்டுமே சார்ந்திருக்கின்றன. இயல்பான செல்களிடம் இரண்டும் உண்டு. அந்த இரண்டாவதை மட்டும் முடக்கும் மாத்திரையை ஃபாக்ஹார்னும் எலி லில்லியும் சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த இரண்டு புரதங்களில் ஒன்றை மட்டும் பிடிக்கும் மூலக்கூறைச் செய்வது வேதியியலில் லேசான காரியமல்ல. 2024 அக்டோபரில் முதல் கட்டச் சோதனையில் முதல் நோயாளிக்கு அது கொடுக்கப்பட்டது.