பெயர் தாங்கும் இடங்கள்

குடமுருட்டி ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் வலங்கைமான். முன்னாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. பாடைகட்டி மாரியம்மன் திருவிழாவால் பலரும் அறிந்த இவ்வூரில், 1869ஆம் ஆண்டில் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரியார். நாவன்மையால் உலகப் புகழ் பெற்ற இவர், தம் பெயரின் முதலெழுத்தில் பிறந்த ஊரைச் சுமந்து சென்றார். 1927இல் இந்திய அரசின் முதற் பேராளராகத் தென்னாப்பிரிக்கா சென்று, அங்கு வாழ்ந்த இந்தியரின் கல்விக்காகப் பெரிதும் உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாக டர்பன் நகரில் எழுந்த கல்விக்கூடம் 'சாஸ்திரி கல்லூரி' என்றே பெயர் பெற்று, 1929இல் திறக்கப்பட்டது. வலங்கைமானின் பெயரை மனிதர் ஒருவர் தாங்கினார். அம்மனிதரின் பெயரைக் கடல் கடந்த கட்டடம் ஒன்று தாங்கிற்று.

ஊர்ப்பெயரை மனிதர் தாங்குவது நம் பழைய வழக்கம். மனிதர் பெயரைப் பொது இடம் தாங்குவதோ எளிதில் கைகூடுவதன்று. கல்விக்கூடத்திற்கும் மருத்துவமனைக்கும் பெயரிடும்போது, அவற்றை நிறுவியவரையோ பொருள் வழங்கியவரையோ நினைத்தல் இயல்பு. மக்கள் ஓய்வாக உலாவும் பூங்காவிற்கும், படகு விடும் ஏரிக்கும், காற்று வாங்கும் கடற்கரைக்கும் யார் பெயரை இடுவது? அவ்விடத்தை உண்டாக்கியவர் பெயரையா, அங்கு மக்களை வரச் செய்தவர் பெயரையா, ஆட்சியில் இருந்தவர் பெயரையா? இவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர்க்குக் கோடைக்கானல் மலையூர் ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள கோடைக்கானலில், 1845இல் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் குடில்கள் அமைத்தனர். சமவெளியின் வெப்பமும் நோயும் தாங்காமல் அவர்கள் நாடிய புகலிடம் அது. அதனைப் பலரும் விரும்பி வரும் ஊராக மாற்ற முனைந்தவர் மதுரை மாவட்ட ஆட்சித் தலைவராய் இருந்த சர் வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர். சரிவுகளுக்கு நடுவே சேறும் ஓடைநீருமாகக் கிடந்த தாழ்நிலத்தை அவர் கண்டார். ஓடையின் குறுக்கே கரை எழுப்பினால் நீர் பரந்து நிற்கும் என உணர்ந்து, 1863இல் அவ்வாறே செய்வித்தார். அதற்கான செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே ஏற்றார் என்பர். நீரில் மீன்களை விடச் செய்தார். தூத்துக்குடியிலிருந்து முதற் படகை மலைமேல் கொண்டுவரச் செய்தார். மலைப்பாதைகளைத் திருத்தினார். பணியிலிருந்து விலகிய பின்னரும் அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

இன்று அவ்வேரி ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில் விண்மீன் வடிவில் விரிந்து கிடக்கின்றது. அதனைச் சுற்றி வரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுடையது. 1890இல் அங்குப் படகுக் கழகம் தோன்றிற்று. எனினும் வெளியூர்ப் பயணிகள் அதன் படகுகளில் செல்ல இடம் கிடைத்தது 1932இல்தான். யாவர்க்கும் பொதுவான இடம் என இன்று நாம் கருதும் ஏரி, யாவர்க்கும் பொதுவாவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

இத்துணையும் செய்தவரின் பெயர் ஏரிக்கு வழங்கவில்லை. மக்கள் அதனைக் 'கோடை ஏரி' என்றே அழைக்கின்றனர். ஆனால் அவ்வூரில் வேறு இருவர் பெயர்கள் நாள்தோறும் ஆயிரம் நாவுகளில் ஒலிக்கின்றன. 1870 முதல் 1872 வரை அப்பகுதியில் பணியாற்றி, ஊரின் நிலப்படத்தை வரைந்த கோக்கர் என்னும் படைத்துறைப் பொறியாளர், செங்குத்தான சரிவின் விளிம்பில் நடைபாதை ஒன்றை அமைத்தார். ஒரு கிலோமீட்டர் அளவே உள்ள அந்நடைபாதை 'கோக்கர்ஸ் வாக்' எனப்படுகின்றது. மேகம் விலகும்போது அங்கிருந்து சமவெளி முழுதும் தெரியும். ஏரியின் கிழக்கே, 1908இல் பிரையண்ட் என்னும் வன அலுவலர் வகுத்த பூங்கா 'பிரையண்ட் பூங்கா' என வழங்குகின்றது. ஒரு பாதை அமைத்தவருக்கும் ஒரு தோட்டம் வகுத்தவருக்கும் கிடைத்த பேறு, ஊரின் முகத்தையே மாற்றியவருக்குக் கிட்டாமற் போயிற்று. அவருக்கு நினைவுக்கல் ஒன்று அங்கு உண்டு. ஆயினும் கல்லில் வாழும் பெயர் வேறு. நாவில் வாழும் பெயர் வேறு.

இதற்குக் காரணம் நன்றியின்மை என்று கூறிவிட முடியாது. பெயர் என்பது ஒன்றைப் பலவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு உரியது. ஊரில் பாதைகள் பல, தோட்டங்களும் பல. ஆகவே அவற்றைப் பிரித்துக் கூற மனிதர் பெயர் தேவைப்பட்டது. ஊரின் நடுவே ஏரியோ ஒன்றே. அதனை 'ஏரி' என்றாலே போதும். காவிரிப் படுகை மக்கள் இதனை எளிதில் உணர்வர். கரிகாலன் கட்டியதாக வழிவழியாகக் கூறப்படும் அணையின் பெயர் 'கல்லணை' என்பதே. அப்பெயரில் கரிகாலன் இல்லை. எனினும் கல்லணை என்றவுடன் கரிகாலன் நினைவிற்கு வருகின்றான். தாத்தா பேரனுக்குச் சொல்லியும், பள்ளியில் படித்தும் அந்நினைவு வளர்ந்தது. லெவிஞ்ச் பெருமகனாருக்குக் குறைந்தது அத்தகைய சொல்வோர் கூட்டமே.

தம் பெயரை இடும் வாய்ப்பிருந்தும் இடாதவர் உண்டு. 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராய் இருந்த கிராண்ட் டஃப், கடற்கரையில் உலாவுமிடத்தை அமைத்தார். தாம் முன்பு கண்டு மகிழ்ந்த சிசிலித் தீவை நினைந்து, அதற்கு 'மெரினா' எனப் பெயரிட்டார். அவரை அறியாதோரும் மெரினாவை அறிவர். மாறாக, சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்த பனகல் அரசரின் பெயரைத் தியாகராய நகரில் உள்ள பூங்கா தாங்குகின்றது. அங்கு அமர்ந்திருப்போருள் பலருக்குப் பனகல் என்பது ஓர் ஆளின் ஊர்ப்பெயர் என்பதும் தெரியாது. ஆட்சி மாறும்போது பெயர் மாறுவதும் உண்டு. சிந்தாதிரிப்பேட்டையில் நேப்பியர் என்னும் ஆளுநரின் பெயர் தாங்கியிருந்த பூங்கா, பின்னாளில் மே தினப் பூங்கா ஆயிற்று.

கோடைக்கானலுக்கு வண்டிச்சாலை அமைவதற்கு முன், பயணிகள் அம்மையநாயக்கனூர்ப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் சென்று, மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவர். அங்கிருந்து குதிரை ஏறியோ, ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியில் அமர்ந்தோ மேலே செல்வர். பெட்டிகளும் படுக்கைகளும் சுமையாட்களின் தலைமேல் ஏறின. பிற்காலத்தில் அமைந்த சாலைக்கு 'லா' என்னும் பொறியாளரின் பெயர் உண்டு. பழைய ஒற்றையடிப் பாதையில் சுமந்து ஏறியவர்களின் பெயர்களைச் சுற்றுலாக் கையேடுகளில் காண்பது அரிது.