கழித்ததும் மருந்தாகும்

சில செய்திகளைக் கேட்டவுடன் நம் முகம் சுளிக்கிறது. நலமுடன் வாழும் ஒருவரின் மலத்தை நோயாளியின் குடலுக்குள் செலுத்திக் குணப்படுத்துகிறார்கள் என்னும் செய்தி அத்தகையது. ஆயினும் அருவருப்பைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு இதனை அறிந்துகொள்வது குடும்பத்தார் அனைவருக்கும் பயன் தரும் எனக் கருதுகிறோம். ஏனெனில், இச்சிகிச்சை தேவைப்படும் நிலைக்கு ஒருவரைக் கொண்டு செல்லும் பாதை, பல வேளைகளில் நாம் எளிதாக எண்ணி விழுங்கும் மாத்திரையிலிருந்தே தொடங்குகிறது.

நமது பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கிருமி என்றாலே பகைதான் என எண்ணுவது தவறு. இவற்றுள் மிகுதியானவை நமக்குத் துணையாய் நிற்பவை. செரியாத நாருணவைச் சிதைத்துத் தருபவை. தீய கிருமிகளுக்கு இடங்கொடாமல் காப்பவை. ஆண்டிபயாடிக் மருந்துகள் நோய்க்கிருமியை அழிக்கும்போது இந்த நல்ல குடிகளையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன. வேலி இழந்த வயலில் களை புகுவதுபோல், அப்போது தலைதூக்குவதுதான் ‘கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிபிசில்’ என்னும் கிருமி. அது கக்கும் நச்சினால் ஓயாத பேதியும் காய்ச்சலும் வயிற்று வலியும் உண்டாகின்றன. முதியோரும், மருத்துவமனையில் நெடுநாள் படுத்திருந்தோரும் இதற்கு எளிதில் இரையாகிறார்கள். நோய் முற்றினால் உயிருக்கே இறுதி நேரலாம்.

இந்நோய்க்கு வான்கோமைசின் போன்ற மருந்துகள் உண்டு. ஆயினும் குணமடைந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் மீண்டும் வருகிறது. மீண்டும் வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. மருந்துக்கு அஞ்சாத வித்துகளாக உறங்கிக் கிடக்கும் கிருமி, மருந்து நின்றதும் விழித்துக்கொள்கிறது. அதனைத் தடுக்க வேண்டிய நல்ல நுண்ணுயிர்களோ குடலில் இல்லை. இல்லாதவற்றைப் பிறரிடமிருந்து பெற்றுக் குடியேற்றினால் என்ன?

இவ்வெண்ணம் புதியதன்று. நான்காம் நூற்றாண்டிலேயே சீன மருத்துவர் கோ ஹாங், கடும் பேதிக்கு இத்தகைய முறையை எழுதி வைத்திருந்தார். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய தோழர்களும் கடுமையான குடலழற்சியால் துன்புற்ற நால்வருக்கு இவ்வாறு சிகிச்சை அளித்து, அவர்கள் நலமடைந்ததை வெளியிட்டனர். ஆண்டிபயாடிக் மருந்துகளை அடுத்து வரும் அத்தகைய குடலழற்சிக்கு டிபிசில் கிருமியே காரணம் என்பது 1978-இல்தான் தெளிவாயிற்று.

ஐயுற்றவர்களின் வாயை அடைத்தது நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற ஆய்வு. 2013-இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. நோய் திரும்பத் திரும்ப வந்த 16 பேருக்கு, மூக்கின் வழியே சிறுகுடலுக்குச் செல்லும் குழாய் மூலம் மலக்கரைசல் செலுத்தப்பட்டது. முதல் முறையிலேயே 13 பேர் குணமடைந்தனர். எஞ்சிய மூவருள் மேலும் இருவர் மறுமுறையில் குணமடைந்தனர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நலமடைந்தவர் நால்வரே. வேற்றுமை இத்துணைத் தெளிவாகத் தெரிந்தமையால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

எனினும் இது வீட்டில் செய்து பார்க்கும் கைவைத்தியம் அன்று. கொடையாளரின் இரத்தமும் மலமும் பல நோய்களுக்காகச் சோதிக்கப்பட வேண்டும். அண்மையில் ஆண்டிபயாடிக் உட்கொண்டவர் கொடையாளராக ஏற்கப்படுவதில்லை. போதிய சோதனையின்றிப் பெற்ற மலத்தினால், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய இருவருக்கு மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றியதையும், அவர்களுள் ஒருவர் இறந்ததையும் 2019-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்து எச்சரித்தது. பின்னர் அத்துறை, நோய் திரும்புவதைத் தடுக்க, கொடையாளரின் மலத்திலிருந்து உருவாக்கிய இரு மருந்துகளுக்கு அனுமதி அளித்தது. 2022-இல் ஏற்கப்பட்டது ஆசனவாய் வழியே செலுத்துவது. 2023-இல் ஏற்கப்பட்டது விழுங்கும் குளிகை.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை சில. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருத்துவரைக் கேளாமல் ஆண்டிபயாடிக் வாங்கி உண்பதை நிறுத்துவோம். முன்னர் மீந்த மாத்திரையை மற்றொருவருக்குக் கொடாதிருப்போம். இம்மருந்தை உட்கொண்ட நாட்களிலோ, அதனை அடுத்த வாரங்களிலோ பேதி தொடர்ந்தால், உண்ட மருந்தின் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வோம். இந்நோயாளியைப் பேணுவோர் சோப்பும் நீரும் கொண்டு கைகளை நன்கு கழுவ வேண்டும். சாராயம் கலந்த கைத்திரவம் இக்கிருமியின் வித்துகளைக் கொல்லாது.

இன்னுமொன்று. வயிற்றுப்போக்கு நோயை வெளியில் சொல்ல நாணி, எத்தனையோ முதியோர் அறைக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். அவர்கள் அருகே அமர்ந்து, முகம் சுளிக்காமல் கேட்க நம் வீட்டில் ஒருவர் இருந்தால், அதுவே குணமடைதலின் முதற்படியாகும்.