வயல் விளைவை அட்டவணையிலும் வரைபிலும் காட்டும் முறை

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பகுதிகளில் ஒரே கமக்காரர் வெவ்வேறு வட்டைகளில் வேளாண்மை செய்வதுண்டு. மொத்த மூடைகளை மாத்திரம் நினைவிற்கொண்டு அவர் ஒரு குத்தகைக் காணியைக் கைவிடுவாராயின், நல்ல காணியையே இழக்க நேரிடலாம். இதனைத் தவிர்ப்பதற்கு, ஒவ்வொரு போகத்தின் விளைவையும் எடுத்துக்காட்டாகக் கீழே தரப்பட்டவாறு எழுதி வைத்தல் வேண்டும்.

வயல் | ஏக்கர் | மொத்த விளைவு (கிலோ) | ஏக்கருக்கு (கிலோ)
மேல்வயல் | 3 | 5,400 | 1,800
கீழ்வயல் | 2 | 4,200 | 2,100

மொத்தத்தில் மேல்வயல் கூடியதாகத் தோன்றினும், ஏக்கர்க் கணக்கில் கீழ்வயலே சிறந்தது.

மூடைகள் யாவும் ஒரே அளவின அல்ல. ஈரநெல்லின் நிறையும் உலர்ந்த நெல்லின் நிறையும் ஒன்றல்ல. ஆகவே நெல்லை நன்கு உலர்த்திய பின்னர் நிறுத்து, கிலோவிற் பதிதல் வேண்டும். ஏக்கருக்கான செலவுக்கு ஒரு நிரலும், குறிப்புக்கு ஒரு நிரலும் சேர்த்துக்கொள்க. வெள்ளம், நீர்த் தட்டுப்பாடு, அறக்கொட்டியான் தாக்கம் ஆகியவற்றைக் குறிப்பில் எழுதினால், ஒரு போகத்தின் குறைவுக்கு நிலமே காரணமெனத் தவறாக எண்ண நேராது.

அடுத்து, சதுரக்கொப்பியில் ஒரு சதுரத்துக்கு 300 கிலோவெனக் கொண்டு சலாகை வரைபு வரைக. மேல்வயலுக்கு 6 சதுரமும் கீழ்வயலுக்கு 7 சதுரமும் உயரமாகும். சலாகைகள் பூச்சியத்திலிருந்தே தொடங்குதல் அவசியம். 1,500 கிலோவிலிருந்து தொடங்கின், அவை 1 சதுரமும் 2 சதுரமுமாகி, கீழ்வயல் இருமடங்கு விளைந்ததாகக் கண்ணை ஏமாற்றும்.

கரையோர மணற்றோட்டங்களில் வெண்டி, கத்தரி, மிளகாய் பயிரிடுவோர் பலமுறை காய் பறிப்பதனால், அவர்களுக்குக் கோட்டு வரைபு ஏற்றது. பறித்த திகதியைக் கிடையாகவும் நிறையைச் செங்குத்தாகவும் குறித்துப் புள்ளிகளை இணைத்தல் வேண்டும். கோடு தொடர்ந்து தாழ்ந்து செல்லுமாயின், பறிகூலியையும் வண்டிக்கூலியையும் அன்றைய வரவோடு ஒப்பிடுக. கூலிக்கும் வரவு போதாதவிடத்து, பயிரை அகற்றி நிலத்தை அடுத்த பயிருக்குப் பண்படுத்துவதே இலாபம்.

இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 ஆம் ஆண்டு தொடங்கிய கோதுமைப் பரிசோதனையிலும், பல்வேறு பசளைகள் இடப்பட்ட துண்டுகளின் விளைவுகள் தனித்தனியே பதியப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. கமக்காரருக்கும் அம்முறையே பொருந்தும். ஒரு போகத்தின் கணக்கை மாத்திரம் கொண்டு முடிவு செய்யலாகாது. பெரும்போகத்தைப் பெரும்போகத்துடனும், சிறுபோகத்தைச் சிறுபோகத்துடனும் ஒப்பிட்டுச் சில ஆண்டுகள் பார்த்த பின்னரே, எக்காணியை வைத்திருப்பது, எதனை விடுவது எனத் தீர்மானித்தல் நன்று.